நம்ம புளியமரம் திரும்பி வந்தாச்சு!

வணக்கம் மக்களே! இதோ, ஊருணிக் கரையில் என் பின்னால் தெரிகிறதே, அது நம்ம பஸ் ஸ்டாப் புளியமரம்தான். இப்போது பெஞ்சாகிவிட்டது, ஆறு பேர் உட்காரலாம். இரண்டு முனையிலும் புரவித் தலை! அய்யனார் கோயில் மண்புரவிகளை எத்தனை வீடியோவில் காட்டியிருப்பேன், இது மரப்புரவி.

சாலையை அகலப்படுத்த மரம் வெட்டிய அன்றைக்கு அழுதுகொண்டே ஒரு வீடியோ போட்டேனே, ஞாபகம் இருக்கும். மற்ற மரங்கள் எல்லாம் ஏலத்தில் போய்ச் சூளையில் எரிந்தன. இந்த ஒரு அடிமரத்தை மட்டும் ஊரில் காசு பிரித்து 9,000 ரூபாய்க்கு வாங்கி, தேர் வேலை செய்யும் ஆசாரியின் பட்டறையில் போட்டோம்.

கிரேன் வாடகையைச் சொல்லியே ஆகவேண்டும். பட்டறையிலிருந்து இங்கே அரை கிலோமீட்டர். அதற்கு 6,000 ரூபாய் கேட்டார்கள். அரை கிலோமீட்டருக்கு! இரண்டு நாள் பேசியும் 5,500க்குக் கீழே இறங்கவில்லை. கடைசியில் வைக்கோல் இறக்க வந்த டிராக்டர் அண்ணன், "டீசல் மட்டும் போட்டுக் குடு தங்கச்சி" என்றார். 500 ரூபாய், மக்களே! உருளைக்கட்டை வைத்து, பலகையில் சாய்த்து, பதினொரு பேர் சேர்ந்து தள்ளி ஏற்றினோம். என் உள்ளங்கை இன்னும் எரிகிறது.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். வாங்கியதுமே செதுக்கவில்லை. முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், அங்கேதான் முதலில் வெடிக்கும். அதனால் இரண்டு முனையிலும் சாணம் பூசி இரண்டு வருஷம் நிழலில் போட்டிருந்தார் ஆசாரி. அப்படியும் விரல் அகலத்துக்கு ஒரு வெடிப்பு. அதன் குறுக்கே உடுக்கை மாதிரி, நடுவில் ஒடுங்கிய ஒரு கட்டையை இறுக்கியிருக்கிறார். அதுவும் இதே மரத்தின் வைரம், அதாவது உள்ளே இருக்கும் கெட்டியான கட்டை. கிட்ட வந்து பாருங்கள், எவ்வளவு அழகு!

இந்தக் கருஞ்சிவப்பு வைரத்தின் மேல் அடிக்கத் தங்கநிறப் பெயிண்ட் டப்பாவோடு ஒருவர் வந்துவிட்டார். விடவே இல்லை நான். பெயிண்ட் பூசிய மரத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். ஆளிவிதை எண்ணெய் மட்டும்தான். அப்புறம் கீழே கருங்கல் போட்டிருக்கிறோம், கறையான் ஏறக்கூடாது.

கானாடுகாத்தான் செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூணைத் தடவித் தடவிப் பார்க்கிறோம். கடல் தாண்டி வந்த மரத்துக்கு அவ்வளவு மரியாதை. நமக்கு நிழல் கொடுத்த புளியமரம் மட்டும் கறிக்கடைக் கட்டையாகவும் விறகாகவும் போகவேண்டுமா? வாகையும் இலுப்பையும் வெட்டுப்படுகிற ஊர்க்காரர்கள் ஏலத்துக்கு முன்னாலேயே ஓர் ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

காலையில் பக்கத்து வீட்டு ஆச்சி வந்து உட்கார்ந்து, "இது நம்ம மரமாடி?" என்று கேட்டுத் தடவிக்கொண்டே இருந்தார்கள். கேமராவை எடுக்கவே தோன்றவில்லை.

சரி, இரண்டாவது பூச்சு எண்ணெய் பாக்கி இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டும், வருகிறேன்!