வூஸ்டரில் ஒரு செப்டம்பர் நாள்

அவையோரே, அமெரிக்கப் புரட்சி எங்கே தொடங்கியது என்று கேட்டால், லெக்சிங்டன் என்போம். 1775 ஏப்ரல் 19 என்று தேதியும் சொல்வோம். அது துப்பாக்கி வெடித்த நாள். ஆனால் மாசசூசெட்ஸின் உட்பகுதியில் இருந்த வூஸ்டர் என்ற ஊரில், பிரிட்டிஷ் மன்னரின் அதிகாரம் அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே மண்ணில் சாய்ந்துவிட்டது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டியதற்குத் தண்டனையாக, பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1774இல் அந்த மாகாணத்தின் ஆட்சிமுறையையே மாற்றியது. ஆளுநரின் மேலவைக்கு ஆட்களை இனி மன்னரே நியமிப்பார். ஆண்டுக் கூட்டத்துக்கு மேல் ஊர்க்கூட்டம் போட ஆளுநரின் அனுமதி வேண்டும். நீதிபதியும், மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரிப்பும் ஆளுநரின் ஆட்கள். ஜூரிகளைப் பொறுக்குவதும் அந்த ஷெரிப்தான். உழவனுக்கு இது எங்கே சுட்டது தெரியுமா? கடன் வழக்கில். ஒரு தீர்ப்பு போதும், பாட்டன் உழுத நிலம் கைவிட்டுப் போய்விடும்.

செப்டம்பர் 6. நீதிமன்றம் கூட வேண்டிய நாள். 37 ஊர்களிலிருந்து 4,622 பேர் ஊர்ப்படைகளாக வந்து நின்றார்கள். ஒருவர் எண்ணிக் குறித்துவைத்ததால் கடைசி எண் வரை நமக்குத் தெரிகிறது. கொல்லர் டிமதி பிகலோ முன்னணியில் இருந்தாலும் அன்று தனித் தலைவர் என்று எவரும் இல்லை. ஒவ்வோர் ஊர்ப்படையும் தனக்கொரு பிரதிநிதியை அங்கேயே தேர்ந்தெடுத்தது. இதுதான் என்னை நெகிழச் செய்கிறது. எந்த உரிமையைச் சட்டம் பறித்ததோ, அதை வீதியில் நின்றே செய்து காட்டினார்கள்.

நீதிமன்ற அதிகாரிகள் உள்ளே நுழைய முடியாமல் ஹேவுட் விடுதியில் காத்திருந்தார்கள். பிறகு, வீதியின் இருபுறமும் மக்கள் அணிவகுத்து நிற்க, தொப்பியைக் கையில் ஏந்தி நடந்தார்கள். புதிய சட்டத்தின்படி நீதிமன்றம் நடத்தமாட்டோம் என்ற உறுதிமொழியை, எல்லார் காதிலும் விழும்படி முப்பது முறைக்கு மேல் வாசித்தார்கள்.

இதற்குச் சில நாட்களுக்கு முன் நடந்த ஒன்றையும் மறைக்கக் கூடாது. மன்னரை ஆதரித்தவர்களின் எதிர்ப்புரையை ஊர்ப்பதிவேட்டில் எழுதிய எழுத்தர் கிளார்க் சாண்ட்லரை, ஊர்க்கூட்டத்தின் முன்னிலையிலேயே அதைக் கோடிட்டு அடிக்க வைத்தார்கள். அடித்த பின்னும் எழுத்து தெரிந்தது. விரல்களை மையில் தோய்த்து அதன்மேல் பூசவைத்தார்கள். எழுத்தை அழித்தது எனக்கு ஒப்பவில்லை. அந்தக் கோபத்தின் ஆழம் மட்டும் புரிகிறது.

அக்டோபர் 4 அன்று ஊர்க்கூட்டம் மீண்டும் கூடியது. மாகாண மாநாட்டுக்குச் செல்லும் பிகலோவிடம், பழைய ஆட்சியின் சாம்பலிலிருந்து புதிய ஆட்சி எழ வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. விடுதலைப் பிரகடனம் வர இன்னும் 21 மாதங்கள் இருந்தன.