அக்ரி டூரிசம் வேலைக்கு என்ன படிக்கணும்? உங்க கேள்விக்கு பதில்

சரி, அடுத்த கேள்வி. "நான் விவசாயக் குடும்பம் இல்ல, ஆனா அக்ரி டூரிசம், இயற்கை விவசாயம்னு விவசாயிங்க கூட நின்னு வேலை பாக்கணும்னு ஆசை, இத கேரியரா எடுக்கலாமா, என்ன படிக்கணும்?"னு கேட்டிருக்காங்க.

தாராளமா எடுக்கலாம்ங்க. அக்ரி டூரிசம்னா விவசாயம் நடக்குற பண்ணைக்கே ஆளுங்க விருந்தாளியா வந்து பாக்குறது, தங்குறது. ஆனா இது ரிசார்ட் நடத்துற வேலை இல்ல, அத முதல்ல மனசுல வாங்கிக்கணும். இத்தாலியில 1985லயே இதுக்குன்னு தனி சட்டம் கொண்டு வந்தாங்க, அதுல விவசாயம்தான் மெயின் தொழில், விருந்தாளிங்க வர்றது அதுக்கு துணை வருமானம்னு தெளிவாவே இருக்கு. இந்த வரிசை தலைகீழா போச்சுன்னா நிலம் வெறும் போட்டோ எடுக்குற இடமாயிடும்.

இதுக்கும் இயற்கை விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம்னா, ரசாயனத்த விட்டுட்டு மாறுற விவசாயிக்கு ஒரு மாற்றக் காலம் இருக்கு, ஐரோப்பிய யூனியன் விதிப்படி வருஷப் பயிருக்கு விதைக்கறதுக்கு முன்னாடி 2 வருஷம், பழ மரம் மாதிரி பல வருஷம் நிக்கிற பயிருக்கு அறுவடைக்கு முன்னாடி 3 வருஷம், அந்த நேரத்துல ஆர்கானிக்னு லேபிள் ஒட்டி விக்க முடியாது, அதுக்கான விலையும் வராது, பெரும்பாலும் மகசூலும் குறையும். நிறைய பேர் மனசு உடைஞ்சு பழையபடி திரும்புறது இந்த எடத்துலதான். அப்போ பண்ணைய பாக்க வர்றவங்க குடுக்குற கட்டணமும், அங்கயே நேரா வாங்கிட்டு போறதும் அந்தக் குடும்பத்துக்கு பெரிய பிடிமானம்.

உங்க வேலை அங்கதான் இருக்கு. மார்க்கெட்டிங், இன்ஸ்டா பேஜ் எல்லாம் அப்புறம், முதல்ல உக்காந்து கணக்கு போடணும். விருந்தாளி வந்தா யாரோட நேரம் போகுது? சமைக்கிறது, ரூம் சுத்தம் பண்றதுன்னு பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில விழும், அத யாரும் செலவுல எழுதவே மாட்டாங்க, நீங்க எழுத வைங்க. அறுவடை நேரத்துலதான் கூட்டம் வரணும்னு துடிக்கும், விவசாயிக்கு மூச்சு விட நேரம் இல்லாததும் அப்பதான், அதனால வாரத்துல எந்த நாள், எத்தன பேருன்னு நீங்க கட்டுப்படுத்தணும். கிணத்துக்கு வேலி, டிராக்டர் பக்கம் பிள்ளைங்க போகாம பாக்குறது, மாட்டத் தொட்டா சோப்பு போட்டு கை கழுவுறது, இன்சூரன்ஸ், இதெல்லாம் சின்ன விஷயம்னு நினைக்காதீங்க.

படிப்புன்னா அக்ரி, ஹார்டிகல்ச்சர், டூரிசம், ரூரல் டெவலப்மென்ட் எதுவா இருந்தாலும் ஓகே. ஆனா விதைப்புலருந்து அறுவடை வரைக்கும் ஒரு முழு சீசன் பண்ணையில கெடந்து வேலை பாருங்க, அது இல்லாம விவசாயிக்கு யோசனை சொல்லப் போகாதீங்க ப்ளீஸ். 1971ல இங்கிலாந்துல ஆரம்பிச்ச வூஃப் (WWOOF) அமைப்பு இப்ப பல நாட்டுல இருக்கு, பண்ணையில வேலை செஞ்சா சாப்பாடும் தங்குற இடமும் குடுப்பாங்க, அப்படியும் போகலாம்.

இன்னொன்னு, எந்த விவசாயியாவது எடுத்த எடுப்புலயே கடன் வாங்கி காட்டேஜ் கட்டப் போறேன்னு சொன்னா தடுத்துருங்க. காலையில வந்து சாயங்காலம் போற விசிட்ட ஒரு சீசன் நடத்திப் பாக்கட்டும், திரும்ப வர்றாங்களான்னு தெரிஞ்சப்புறம் ரூம பத்தி பேசலாம்.