பாட்டுக்குப் பின்னால் இருக்கும் பெயர்கள்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

‘இப்போதெல்லாம் நல்ல பாட்டே வருவதில்லை’ என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. குன்னூர் மார்க்கெட்டில் சொல்கிறார்கள், கல்யாணப் பந்தியில் சொல்கிறார்கள், கோத்தகிரி பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் சொல்கிறார். எல்லோரிடமும் நான் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்கிறேன். கடைசியாக நீங்களாகத் தேடிப் போய்க் கேட்ட பாட்டு எது? பெரும்பாலும் பதில் வராது. சினிமாப் பாட்டு தானாக வந்துவிடும். அதற்குப் போஸ்டர் உண்டு, டீசர் உண்டு, இசை வெளியீட்டு விழா உண்டு, டீக்கடை ஸ்பீக்கர் உண்டு. தன் அறையில் உட்கார்ந்து, தானே எழுதி, தானே மெட்டமைத்து, கைக்காசைப் போட்டுப் பதிவு செய்து வெளியிடும் ஒருவரின் பாட்டுக்கு இவை எதுவும் கிடையாது. அது இருக்கும் இடத்துக்கு நாம்தான் நடந்து போக வேண்டும்.

எப்படிப் போவது? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பாட்டைப் பிடித்தால் போதாது, பாட்டுக்குப் பின்னால் இருக்கும் பெயர்களைப் பிடிக்க வேண்டும். இதை இந்த உரையில் பலமுறை சொல்வேன். வானொலியில் கேட்பவர்கள் முன்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க முடியாதல்லவா.

குன்னூரில் எனக்கு ஒரு கேசட் கடை இருந்தது. கேசட் விற்பதைவிடப் பதிவு செய்து கொடுப்பதுதான் அங்கே பெரிய வேலை. வெற்றுக் கேசட் ஒன்றும், நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில் பாட்டுப் பட்டியலும் கொண்டுவருவார்கள். 60 நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு ஆறு, ஏழு பாட்டு. முடிந்ததும் உள்ளே இருக்கும் அட்டையில் பாட்டின் முதல் வரியை எழுதிக் கொடுப்போம். நான் அத்தோடு விடமாட்டேன். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயரையும் பொடி எழுத்தில் எழுதுவேன். ‘இதெல்லாம் எதற்கு’ என்று சிலர் கேட்பார்கள். எதற்கு என்பதற்கு ஒரு கதை உண்டு. கொஞ்சம் நீளமான கதைதான், சொல்லிவிடுகிறேன்.

நம் நீலகிரி மாவட்டத்தில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசுத் தேயிலைத் தோட்டங்களே இங்கே தொடங்கப்பட்டன. கூடலூர்ப் பக்கத்தில் அப்படி ஒரு தோட்டத்தில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் ஒரு மழைக்காலத்தில் கடைக்கு வந்தார். பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பை, அதற்குள் துணி, துணிக்குள் ஒரு கேசட்.

“தம்பி, இங்கே வந்த பிறகு அப்பா இலங்கை வானொலியிலிருந்து பிடித்தது. அவர் இப்போது இல்லை. ஒரு பிரதி எடுத்துத் தர முடியுமா?” என்றார்.

கேசட்டைப் பார்த்தேன். நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சை. மலையில் கேசட் வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும். ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் போதும், பூத்துவிடும். ஐந்து திருகாணிகளைக் கழற்றி, நாடாச் சுருளை எடுத்து வேறு கூட்டுக்குள் வைத்தேன். மெல்லிய துணியால் நாடாவை ஒற்றிப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டேன். பிறகு ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்துவிட்டுப் பாட வைத்தேன். கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவதுபோல் ஒரு குரல். அண்ணனின் முகம் வாடிவிட்டது.

ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். ஒவ்வொரு டேப் ரெக்கார்டரிலும் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கும். பதிவு செய்த இயந்திரத்தின் சாய்வும் பாடுகிற இயந்திரத்தின் சாய்வும் ஒத்துப்போகவில்லை என்றால் மேல் ஓசையெல்லாம் மங்கிவிடும். அந்தத் திருகாணியை மெல்ல, மிக மெல்லத் திருப்பினேன். கால் சுற்றுகூட இல்லை. சட்டென்று ‘ச’வும் ‘ஸ’வும் தெளிந்தன. கிடார் தெளிந்தது. உடம்பைச் சும்மா இருக்கவிடாத ஒரு தாளம் எழுந்தது. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசோடு உள்ளே வந்துவிட்டார்கள். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் குரல் பாதி வெட்டுப்பட்டுக் கேட்டது. ஆனால் அந்தப் பாதியில் பாடகரின் பெயர் இருந்தது: நித்தி கனகரத்தினம்.

அது பொப்பிசை. 1960-களின் கடைசியிலும் 70-களிலும் இலங்கைத் தமிழ் இளைஞர்கள் கிடாரை எடுத்துக்கொண்டு, போர்த்துக்கீசியர் வழியாக அந்தத் தீவில் வேர்விட்ட பைலாத் தாளத்தில் தமிழில் பாடிய பாட்டுகள். சினிமாவுக்காகப் பாடியவை அல்ல. கல்லூரி விழாவிலும் நண்பர்கள் கூட்டத்திலும் பிறந்து, வானொலி வழியாகக் கடலைத் தாண்டியவை. நித்தி கனகரத்தினம் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு விசாரித்தேன். இன்னொரு பொப்பிசைப் பாடகர், ஏ.ஈ. மனோகரன், தெரியவந்தார். அவரைப் பிடித்துக்கொண்டு போனால் சிங்கள பைலா வந்தது. அந்த அறிவிப்பாளர் பெயரைச் சொல்லாமல் விட்டிருந்தால் ‘சிலோன் பாட்டு’ என்று எழுதி அலமாரியில் வைத்திருப்பேன். ஒரு பெயர் கையில் கிடைத்ததால் ஓர் உலகமே கிடைத்தது. அண்ணன் கொண்டுபோன பிரதியின் அட்டையில் அவருடைய அப்பாவின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். பதிவு செய்தவர் அவர்தானே.

இன்று கேசட் இல்லை, எல்லாம் கைப்பேசியில் இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் புதுப் பாட்டு கிடைப்பது சுலபமாகியிருக்க வேண்டும். ஏன் ஆகவில்லை? கைப்பேசி ‘உங்களுக்காக’ என்று ஒரு பட்டியல் கொடுக்கிறது. அது பெரும்பாலும் எப்படித் தயாராகிறது என்றால், உங்களைப் போலவே பாட்டுக் கேட்கும் மற்றவர்கள் வேறு எதையெல்லாம் கேட்டார்கள் என்று கணக்குப் பார்த்து, அதை உங்கள் முன் வைக்கிறது. நிறையப் பேர் கேட்ட பாட்டுக்கு இந்தக் கணக்கு நன்றாக வேலை செய்யும். நேற்று இரவு ஒரு பெண் தன் முதல் பாட்டை வெளியிட்டிருக்கிறாள், இதுவரை கேட்டவர்கள் அவளுடைய அண்ணனும் இரண்டு தோழிகளும்தான் என்றால், கணக்குக்குப் பிடிமானமே இல்லை. அந்தப் பாட்டு எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் உங்கள் பட்டியலுக்கு வந்து சேர்வது கடினம். இயந்திரத்தைக் குறை சொல்லவில்லை. அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம் என்கிறேன்.

சரி, பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் எவ்வளவு தூரம் போகலாம்? இப்போதே ஒருமுறை போய்ப் பார்ப்போம். எல்லாம் இணையத்தில் தேடினால் கிடைப்பவை.

2017 ஜனவரி. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, எண்ணூர்க் கழிமுகத்தில் நின்றுகொண்டு புறம்போக்கைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுகிறார். பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். ராகங்களில் அமைந்த பாட்டுதான், ஆனால் பேச்சுத் தமிழில் இருக்கிறது. மெட்டமைத்தவர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார். எழுதியவர் யார்? கபேர் வாசுகி. கேள்விப்படாத பெயரா? அதைத்தான் பிடிக்க வேண்டும். தேடினால், சென்னையில் தானே எழுதித் தானே பாடும் ஓர் இளைஞர் வருகிறார். கர்நாடக இசையில் நுழைந்தவர்கள் கிடாரும் கவிதையுமாக வேறொரு அறைக்குள் வந்துவிட்டோம். அவர் தென்மா என்பவரோடு சேர்ந்து ‘குரங்கன்’ என்ற குழுவில் இருந்திருக்கிறார். அங்கே ராக் இசையும் நாட்டுப்புறமும் கலந்து கேட்கிறது.

அடுத்து தென்மாவைப் பிடிப்போம். 2017-இல் இயக்குநர் பா. இரஞ்சித்தோடு சேர்ந்து அவர் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை உருவாக்குகிறார். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை. கானா பாடுகிறவர், பறை அடிக்கிறவர், ராப் பாடுகிறவர், மின்கிடார் வாசிக்கிறவர் எல்லோரும் ஒரே மேடையில். குழுவின் பெயர், அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சாதியற்ற தமிழர் என்பதிலிருந்து எடுத்தது. அயோத்திதாசர் யார்? இளமைக் காலத்தை இந்த நீலகிரியில் கழித்தவர், 1891-இல் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை இதே நீலகிரியில் கூட்டியவர். ஒரு பாட்டிலிருந்து புறப்பட்டு நம் மலைக்கே வந்துவிட்டோம்.

அந்தக் குழுவில் ராப் பாடியவர்களில் ஒருவர் அறிவு. அவர் 2021-இல் தீ என்ற பாடகியோடு, சந்தோஷ் நாராயணன் இசையில் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். படத்தில் வராமலேயே உலகமெல்லாம் போன பாட்டு அது. அதற்கு வித்தாக அறிவு சொல்வது தன் பாட்டியின் வாழ்க்கையை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவிட்டு, கையகல நிலம்கூட இல்லாமல் திரும்பி வந்தவர்களின் கதை. இதைக் கேட்கும்போது கூடலூர் லயங்களில், அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எத்தனை பேருக்குத் தொண்டை அடைத்திருக்கும்!

இன்னும் முடியவில்லை. முதல் பெயருக்கே திரும்புவோம், டி.எம். கிருஷ்ணா. 2018-இல் அவர் கொடைக்கானலைப் பற்றி ஒரு பாட்டில் பாடியிருக்கிறார். உடன் பாடியவர் சோஃபியா அஷ்ரஃப். அவரைப் பிடித்தால் 2015-இல் வெளிவந்த ஒரு பாட்டுக்குப் போகிறோம். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை விட்டுச்சென்ற பாதரச மாசைப் பற்றி, அங்கே வேலை செய்தவர்களுக்கு நியாயம் கேட்டு அவர் பாடிய ராப் பாட்டு அது. மறு ஆண்டு, 2016-இல், முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்காக நடத்திய போராட்டத்தின் பலன் அது. ஆனால் அவர்களுடைய குரலை லட்சக்கணக்கான பேர் காதுக்குக் கொண்டுபோனதில் அந்தப் பாட்டுக்குப் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பார்த்தீர்களா? கர்நாடக இசை, கிடார்ப் பாட்டு, ராக், கானா, பறை, ராப். வகை வகையாகப் பிரித்து வைத்திருக்கிறோமே, பாடுகிறவர்கள் அப்படிப் பிரிந்து இருக்கவில்லை. ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நாம்தான் வாசலிலேயே நின்று ‘எனக்கு ராப் பிடிக்காது’ என்று திரும்பிவிடுகிறோம். பழக்கமில்லாத இசையை ஒரே தடவை கேட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். முதல்முறை சொற்களுக்காகக் கேளுங்கள், அடுத்தமுறை தாளத்தை மட்டும் கேளுங்கள், பிறகு நடந்துகொண்டே கேளுங்கள். மலேசியாவிலிருந்து யோகி பி-யும் நட்சத்ராவும் 2006-இல் வெளியிட்ட தமிழ் ராப் தொகுப்பை நான் அப்படித்தான் உள்ளே வாங்கிக்கொண்டேன்.

பெயர்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். யூடியூபில் பாட்டுக்குக் கீழே ‘மேலும்’ என்று இருப்பதைத் தொடுங்கள். பாட்டுச் செயலிகளில் மூன்று புள்ளிகள் இருக்கும், அதைத் தொட்டால் பல பாட்டுகளுக்குப் பங்களித்தவர்கள் பட்டியல் வரும். பாடியவரை மட்டும் பார்க்காதீர்கள். தாளம் வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர், பின்குரல் கொடுத்தவர் ஆகியோரைப் பாருங்கள். பலருக்குச் சொந்தப் பாட்டுகள் இருக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சி அமைப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டு 12 மாதங்களில் 1000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அந்தப் பதிவுக்குப் பணம் சேரும். 1000 என்பது பெரிய படப் பாட்டுக்கு ஒரு நொடி. ஒரு புதுப் பாடகருக்கு அது மலை. ஒரு ஹட்டியில், அதாவது ஒரு படுகர் ஊரில், இருப்பவர்கள் மனம் வைத்தால் அந்த மலையை ஒரு வாரத்தில் ஏற்றிவிடலாம். விலை கொடுத்து வாங்க விரும்பினால் பேண்ட்கேம்ப் என்ற தளம் இருக்கிறது. பாட்டுக் கோப்பை விற்றால் 15 சதவீதத்தை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மீதியில், பணப் பரிமாற்றக் கட்டணம் போகக் கலைஞருக்கு. அங்கே ஊர் பெயரைக் கொடுத்தும் தேடலாம்.

கடைசியாக நம் மலைப் பாட்டுகளைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். இந்த மலையின் பழங்குடிகளான கோத்தர்களின் கொள் என்னும் குழலைப் பற்றி, கோத்தகிரியில் 90.4 அலைவரிசையில் இயங்கும் சமுதாய வானொலியைப் பற்றி. நேரம் இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஹெத்தையம்மன் பண்டிகையிலும் கல்யாணத்திலும் ஆடுகிறோமே, அந்தப் படுகப் பாட்டுகள் பென் டிரைவிலிருந்து பென் டிரைவுக்குப் போகும்போது பெயரை இழந்து ‘டிராக் 7’ என்று ஆகிவிடுகின்றன. பாடியவர் பக்கத்து ஹட்டியிலேயே இருக்கக்கூடும். அடுத்தமுறை ஒலிபெருக்கிக்காரரிடம் பாடியது யார் என்று கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் ஊரில் பெரியவர்களைக் கேளுங்கள். கிடைத்த பெயரை ஓர் அஞ்சலட்டையில் எழுதி இந்த நிலையத்துக்கு அனுப்புங்கள். நன்றி, வணக்கம்.