ஏழு சொற்களை விட்டுக்கொடுத்த நாடு

எல்லோருக்கும் வணக்கம். உலகத்தில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் நாடு எது என்று கேட்டால், நம்மில் பலருக்கு முதலில் வாயில் வருவது சவூதி அரேபியா. அங்கே மொத்த மக்கள்தொகையே நாலு கோடியைத் தொடாது. இந்தோனேசியாவில் முஸ்லிம்கள் மட்டும் சுமார் 24 கோடி. பாகிஸ்தான் நெருங்கி வந்துகொண்டிருக்கிறது, அது வேறு கதை.

நாட்டின் அளவைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 17,000-க்கும் மேல் தீவுகள். மேற்கே சபாங் முதல் கிழக்கே மெராவுக்கே வரை ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர். ஒரே நாட்டுக்குள் மூன்று கடிகார நேரம், 700-க்கும் மேற்பட்ட மொழிகள். இதில் ஜாவா ஒரு தீவு. பரப்பளவில் கிட்டத்தட்ட நம் தமிழ்நாடுதான். ஆனால் நம்மைப் போல இரண்டு மடங்கு ஜனம், 15 கோடிக்கு மேல், அங்கே நெருக்கியடித்து வாழ்கிறது. நாட்டின் பாதிக்கு மேல் ஜாவாவில்தான் என்றால், மற்ற தீவுக்காரர்களுக்கு என்ன பயம் இருக்கும்? ஜாவாக்காரன் நம்மை விழுங்கிவிடுவான் என்ற பயம்தான்.

அங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. 1928 அக்டோபர் 28-ஆம் தேதி, டச்சு ஆட்சியின் கீழ், பல தீவுகளைச் சேர்ந்த இளைஞர்கள் இன்றைய ஜகார்த்தாவில் கூடி உறுதிமொழி எடுத்தார்கள். ஒரே தாய்நாடு, ஒரே தேசம். ஒன்றுபடுத்தும் மொழி இந்தோனேசிய மொழி. அது எது? எண்ணிக்கையில் மிகப் பெரிய இனமான ஜாவாக்காரர்களின் மொழி அல்ல. துறைமுகங்களிலும் சந்தைகளிலும் புழங்கிய மலாய். அன்றைக்கு அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மிகச் சிலரே. ஜாவா மொழியில் பெரியவரிடம் பேச ஒரு சொல்வரிசை, சின்னவரிடம் பேச வேறொரு சொல்வரிசை. மலாயில் அந்தத் தொல்லை குறைவு. சரி, காரணம் எதுவாக இருந்தாலும், தலைக்கணக்குப் போட்டுத் தன் மொழிதான் வேண்டும் என்று அந்தப் பெரிய இனம் மல்லுக்கட்டவில்லை. இந்திய மொழிப்போராட்டங்களை அறிந்த நமக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது விட்டுக்கொடுப்பு 1945-இல். ஆகஸ்ட் 17 அன்று விடுதலை இயக்கத் தலைவர்களான சுகர்னோவும் ஹத்தாவும் விடுதலையை அறிவித்தார்கள். மறுநாள் அரசியல் சட்டம் நிறைவேற வேண்டும். அதன் முகவுரை வரைவில், இறை நம்பிக்கையைப் பற்றிய வரியோடு, 'முஸ்லிம்கள் ஷரீஅத்தைக் கடைப்பிடிக்கும் கடமையுடன்' என்ற பொருளில் அவர்கள் மொழியில் ஏழு சொற்கள் இருந்தன. அவை இருந்தால் கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் நாட்டோடு சேரமாட்டார்கள் என்று ஹத்தாவுக்குச் செய்தி வந்தது. ஹத்தா தொழுகை தவறாத முஸ்லிம், சுமத்ரா தீவின் மினாங்கபாவ் இனத்தவர். காலையில் முஸ்லிம் தலைவர்களைத் தனியே உட்காரவைத்துப் பேசினார். முகம்மதியா அமைப்பின் தலைவர் கி பாகுஸ் ஹாதிகுசுமோ லேசில் இறங்கி வரவில்லை. கடைசியில் அவரும் ஒப்புக்கொண்டார். ஏழு சொற்களும் போயின. 'ஏக இறைவன் மீது நம்பிக்கை' என்பது, நாட்டின் ஐந்து அடிப்படைக் கொள்கைகளான பஞ்சசீலத்தின் முதல் கொள்கையாக நின்றது.

இந்த மனப்பாங்கு சட்டத்தில் மட்டும் இல்லை. நடு ஜாவாவில் குதுஸ் என்றொரு ஊர். அங்குள்ள பழைய பள்ளிவாசலின் கோபுரம் செங்கல்லால் ஆனது. பார்த்தால் இந்துக் கோயில் கட்டடம் போலவே இருக்கும். 16-ஆம் நூற்றாண்டில் அங்கே இஸ்லாத்தைப் பரப்பிய சுனான் குதுஸ், ஊரில் இருந்த இந்துக்களின் மனம் நோகக் கூடாதென்று பசுவை அறுக்க வேண்டாம் என்றாராம். இன்றும் அந்த ஊர் சோத்தோ, அதாவது குழம்புச் சாறு, எருமை இறைச்சியில் கொதிக்கிறது.

நமக்கும் தொடர்பு உண்டு. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் தாக்கிய ஸ்ரீவிஜயம் சுமத்ராவைச் சேர்ந்தது. அதே தீவின் பாருஸ் பக்கத்தில் தமிழ் வணிகக் குழுவான ஐந்நூற்றுவர் 1088-இல் ஒரு கல்வெட்டை விட்டுப் போயிருக்கிறார்கள். வந்தது கற்பூரத்துக்காக. அப்புறம் டச்சுக்காரர் காலத்தில் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போனவர்களின் பிள்ளைகள் மேடான் நகரில் இருக்கிறார்கள். 1884-இல் கட்டிய மாரியம்மன் கோயிலும் இருக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு மற்றப் பக்கத்தை மறைத்தால் நான் உங்களை ஏமாற்றியதாகும். 1965-66-இல் கம்யூனிஸ்டுகள் என்ற பெயரில் குறைந்தது ஐந்து லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. ராணுவம் தூண்டியது, மத அமைப்புகளின் இளைஞர்களும் கைவைத்தார்கள். அதன் மேல் ஏறி ராணுவத் தளபதி சுகார்த்தோ 1998 வரை ஆண்டார். கிழக்குத் திமோரைப் பிடித்து வைத்திருந்ததும் அவர்தான். பப்புவாவில் மனக்கசப்பு இன்னும் ஆறவில்லை. ஆச்சே மாகாணத்தில் ஷரீஅத் சட்டப்படி பிரம்படி உண்டு. 2017-இல் ஜகார்த்தா ஆளுநர் பாசுகி, சீன வம்சாவளிக் கிறிஸ்தவர், மத நிந்தனை வழக்கில் இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். மேடையில் ஒரு குர்ஆன் வசனத்தைக் குறிப்பிட்டுப் பேசியதுதான் குற்றம்.

ஆனாலும் அந்த ஏழு சொற்கள் திரும்பி வரவில்லை. சுகார்த்தோ விழுந்த பிறகு அரசியல் சட்டத்தைத் திருத்த உட்கார்ந்தபோது, சில இஸ்லாமியக் கட்சிகள் ஷரீஅத்தை உள்ளே சேர்க்கக் கேட்டன. பல கோடிப் பேரைக் கொண்ட இரண்டு பெரிய முஸ்லிம் அமைப்புகளான நஹ்தத்துல் உலமாவும் முகம்மதியாவும் வேண்டாம் என்றன. 2002-இல் அந்தக் கோரிக்கை தோற்றது.