கிணற்றடியில் இரண்டடி

நேயர்களுக்கு வணக்கம். அன்பு, உள்விடுதலை என்று பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் சாமியார் இல்லை, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் எங்கள் வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலி சிந்துபூந்துறையில் எங்கள் வீடும் அண்ணன் வீடும் ஒட்டி இருக்கின்றன. அப்பா வீட்டைப் பிரித்தபோது கிணற்றடிப் பக்கம் இரண்டடி யாருக்கு என்று வந்த தகராறில் பதினோரு வருடம் பேச்சு நின்றுபோனது. என் மகள் கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை, மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பான சொதிக்கு மதினியும் வரவில்லை. இரண்டடிக்கு!

ஓய்வுக்குப் பிறகு காலையில் தாமிரபரணியில் குளிக்கக் குறுக்குத்துறைக்குப் போவேன். குளித்துவிட்டுப் படித்துறையில் கால் மணி நேரம் உட்கார்ந்து, மூச்சு மூக்கு நுனியில் வந்து போவதைப் பார்ப்பேன். புத்தர் சொல்லிக்கொடுத்த பழக்கம் இது, பாலி மொழியில் ஆனாபானசதி என்பார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கிற வேலை இல்லை, அது பாட்டுக்கு வரட்டும், நாம் கவனித்தால் போதும். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் பத்து மூச்சு எண்ணுவதற்குள் என் மனசு கிணற்றடிக்குப் போய்விடும். அங்கே அண்ணன் பேச்சையும் நானே பேசி, பதிலும் நானே சொல்லி, ஜெயித்துவிட்டுத் திரும்பி வருவேன். அண்ணனோ அந்த நேரம் வீட்டில் நிம்மதியாகக் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.

இதே தாமிரபரணி கீழே ஆழ்வார்திருநகரிக்குப் போகிறது. அங்கே புளியமரத்தடியில் கண்மூடி இருந்த நம்மாழ்வாரிடம், செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும் என்று மதுரகவி கேட்டாராம். அத்தைத் தின்று அங்கே கிடக்கும் என்றாராம் ஆழ்வார். செத்தது உடம்பு, சிறியது உயிர் என்று பெரியவர்கள் பொருள் சொல்வார்கள், அது சரிதான். எனக்கு மட்டும் அது கிணற்றடிக் கணக்காகவே கேட்டது: சண்டையைத் தின்று சண்டையிலேயே கிடக்கிறேன்.

சில மாதம் ஆன பிறகு ஒன்று பிடிபட்டது. கோபம் வரும்போது முதலில் வயிறு இறுகுகிறது, அப்புறம் தாடை, அதற்கும் அப்புறம்தான் ‘அவன் எப்படிச் சொல்லலாம்’ என்கிற வசனம். வயிறு இறுகும்போதே பார்த்துவிட்டால் அந்த வசனத்தைப் பேசியே ஆக வேண்டும் என்கிற கட்டாயம் கொஞ்சம் தளர்கிறது. நான் கண்ட விடுதலை அவ்வளவுதான். (ஒருத்தர் உங்களை அடித்துக்கொண்டிருந்தால் மூச்சை எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள், அங்கிருந்து கிளம்புங்கள். அது வேறு விஷயம்.)

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருப்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், கோயில் தண்ணீருக்குள் நிற்கும், வடிந்ததும் சேற்றை அள்ளிவிட்டுப் பூஜை நடக்கும். தள்ளிக் கட்டியிருக்கலாமே என்று நானே விவரமில்லாமல் பேசியிருக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தில் கோயிலோடு எங்கள் தெருவும் மூழ்கியது.

தண்ணீர் வடிந்த மறுநாள் அண்ணன் தனியாகச் சேறு அள்ளிக்கொண்டிருந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் நிமிர்ந்தது அப்படியே அப்பா நிமிர்வது மாதிரி இருந்தது. பதினோரு வருடமாக அவர் முகத்தில் அந்த இரண்டடியைத்தான் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது, அந்த மனுஷனைப் பார்க்கவே இல்லை. வயிறு வழக்கம்போல இறுகியது. இறுகட்டும் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், “அண்ணே, அந்தச் சட்டியை இப்படிக் கொடு” என்றேன். ஒன்றும் பேசாமல் கொடுத்தார். மத்தியானம் வரை அள்ளினோம், மதினி கடுங்காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

கிணற்றடி இரண்டடி இன்னும் யார் பேருக்கும் எழுதவில்லை. போன வாரம் பார்த்தால் அண்ணன் அதில் ஒரு முருங்கைக் கம்பை ஊன்றி வைத்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயிறு இறுகத்தான் செய்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஒரு வாளி தண்ணீர் இறைத்து ஊற்றினேன். காய்த்தால் சொதிக்கு ஆகும்.