சிறுகோளுக்கு வால் எப்படி முளைக்குது?

வணக்கம் மக்களே, பாண்டிலேருந்து பேசுறேன். முதல்ல அடுப்பைப் பத்த வைங்க. ஈர ஸ்பூன் நுனியில கொஞ்சம் தூள் உப்பு ஒட்ட வச்சு, நீல ஜ்வாலை ஓரத்துல காட்டுங்க. பளிச்சுனு ஆரஞ்சு மஞ்சள் அடிக்கும். அது சோடியம், 589 நானோமீட்டர் அலைநீளம். மரக்காணம் கல் உப்பை அப்படியே காட்டாதீங்க, படபடன்னு தெறிக்கும். உப்புக்கல்லுக்குள்ள சிக்கியிருக்குற துளி நீர் ஆவியாகி, வெளிய வர வழியில்லாம கல்லையே உடைச்சிடும்.

இந்த ரெண்டு விஷயத்தையும் மனசுல வச்சுக்கிட்டு ஃபேத்தானுக்கு வருவோம். 1983-ல ஐராஸ் செயற்கைக்கோள் படங்கள்ல கண்டுபிடிச்ச சிறுகோள் இது. அகலம் அஞ்சாறு கிலோமீட்டர். 524 நாளுக்கு ஒரு தடவை சூரியனுக்கு 2.1 கோடி கிலோமீட்டர் பக்கத்துல போகுது, புதன் கிரகத்தை விட உள்ளே. அப்ப மேற்பரப்பு 700 டிகிரி செல்சியஸைத் தாண்டுது. வால்நட்சத்திரத்துக்கு வால் வர்றது பனிக்கட்டி ஆவியாகிறதால. இந்தச் சூட்டுல மேற்பரப்புல பனி எங்க நிக்கும்? ஆனாலும் 2009-லயும் 2012-லயும் ஸ்டீரியோ விண்கலம் பார்த்தப்ப, ஃபேத்தான் சூரியன் பக்கத்துல திடீர்னு பிரகாசமாச்சு, குட்டி வாலும் தெரிஞ்சுது. பாறை வெப்பத்துல விரிசல் விட்டுத் தூசி பறக்குதுன்னு விளக்கம் சொன்னாங்க.

அந்த விளக்கத்துல அர்த்தம் இருக்கு. ஃபேத்தானுக்கு ஒரு நாள் 3.6 மணி நேரம்தான். பகல்ல வறுபட்டு ராத்திரியில ஆறி, திரும்ப வறுபடும். ஒரே பாறைக்குள்ள ஒவ்வொரு கனிமமும் ஒவ்வொரு அளவு விரியுறதால அது தளர்ந்து போகும். விறகு அடுக்கி எரிச்சுப் பாறையைப் பிளக்குற பழைய முறையும் இதே தத்துவம்தான்.

ஆனா வால் தூசியான்னு தெரியணும்னா நிறம் பிரிச்சுப் பார்க்கணும். சோஹோ விண்கலத்துல அதுக்கு வழி இருக்கு. ஆரஞ்சு ஃபில்டர்ல வால் தெளிவா தெரியுது, நீல ஃபில்டர்ல இல்லவே இல்ல. தூசின்னா சூரிய ஒளியைச் சிதறடிக்கும், அதனால ரெண்டுலயும் தெரிஞ்சிருக்கணும். 2023-ல வெளியான ஆய்வு சொன்ன முடிவு: வால் சோடியம் வாயு, அடுப்புல பார்த்த அதே ஆரஞ்சு மஞ்சள். 1969-ல மெக்ஸிகோல விழுந்த அயெண்டே விண்கல் சில்லுகளை ஆய்வகத்துல இதே அளவு சூடாக்கினப்ப சோடியம் வெளியேறிடுச்சு, மத்த தனிமங்கள் அசையல. ஆவியான சோடியம் விரிசல் வழியா பீச்சும்போது சின்னத் துகள்களையும் தள்ளிவிடலாம். ஃபேத்தானோட ஈர்ப்பு அவ்வளவு பலவீனம்.

எல்லா சிறுகோளுக்கும் இதே காரணம்னு எடுத்துக்காதீங்க. மோதல், ரொம்ப வேகமா சுத்துறது, உள்ள மிச்சமிருக்குற பனி, இதுவும் உண்டு.

இப்ப எனக்கு முக்கியமாப் படுறது இதுதான். டிசம்பர்ல வர்ற ஜெமினிட் எரிகற்கள் ஃபேத்தான் விட்டுப்போன துகள்கள். இன்னிக்கு வர்ற வாலு பெரும்பாலும் வாயுதான்னா, அவ்வளவு கல்லும் முன்னொரு காலத்துல நடந்த பெரிய உடைப்புல வந்திருக்கணும்.

நேர்ல பாக்கணும்னா டிசம்பர் 13, 14 ராத்திரி. புனர்பூசத்துக்குப் பக்கத்துலேருந்து சிதறுற மாதிரி தெரியும். ஏழரைக்கு வடகிழக்குல எழும்பி, ரெண்டு மணிக்கு வடக்கே நல்ல உயரத்துக்கு வந்துடும். பீச் ரோட்டு விளக்கு வெளிச்சம் வேணாம், வீராம்பட்டினம் பக்கம் போங்க. கண்ணு இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும், அதுவரை போனைத் திறக்காதீங்க. வடகிழக்குப் பருவமழை மேகம் விட்டா சரி.