டூஷாம்பின் நூல்கண்டு

அவைத்தலைவர் அவர்களே, நண்பர்களே,

மனித அறிவின் எல்லை என்றதும் நாம் அண்ணாந்து பார்க்கிறோம்: கருந்துளை, பிரபஞ்சத்தின் தொடக்கம் என்று. நான் பேசவிருப்பது இரண்டு கைகளுக்குள் அடங்கிவிடும் ஒரு சிற்பத்தைப் பற்றி.

1916ஆம் ஆண்டு, நியூயார்க். பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷாம்ப் ஒரு சணல் நூல்கண்டை எடுத்துக்கொண்டார். மேலும் கீழும் பித்தளைத் தகடுகள். நான்கு மூலைகளிலும் நீண்ட திருகாணிகள். மொத்த உயரம் சுமார் 13 செ.மீ. கண்டின் நடுவே ஏதாவது போடும்படி நண்பர் வால்டர் ஆரென்ஸ்பெர்க்கிடம் கேட்டுக்கொண்டார். என்ன போட்டார் என்பதைத் தன்னிடம் சொல்லக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். சிற்பத்தின் பெயர் 'மறைந்த ஓசையுடன்'. ஆட்டினால் உள்ளே ஏதோ உருளும். அது வைரமா நாணயமா என்று தனக்குத் தெரியவே போவதில்லை என்று பின்னாளில் சொன்னார் டூஷாம்ப்.

தகடுகளில் எழுத்தும் உண்டு. பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்த சொற்கள், ஆங்காங்கே எழுத்து விடுபட்டவை. விடுபட்டதை நிரப்பிப் படித்தாலும் நேரான பொருள் கிடைப்பதில்லை.

அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.யின் தலைமையக வளாகத்தில் ஜிம் சான்பார்ன் 1990இல் நிறுவிய 'கிரிப்டோஸ்' உங்களில் சிலருக்கு நினைவு வரலாம். செப்புத் தகட்டில் வெட்டிய சங்கேத எழுத்துகள், கல்லாகிப்போன மரம், கருங்கல், நீர்ச்சுழல் எல்லாம் சேர்ந்த படைப்பு. அதன் கடைசி 97 எழுத்துகள் தேர்ந்த நிபுணர்களுக்கே பல்லாண்டுகள் தண்ணி காட்டின. ஆனால் விடை சிற்பியின் கையில் இருந்தது. ஆகவே என் கணக்கில் அது கெட்டிக்காரத்தனமான விடுகதை, அவ்வளவுதான்.

டூஷாம்பின் படைப்பு என்னை அதிகம் உறுத்துகிறது. படைத்தவனுக்கே தெரியாது. அதே சமயம், ஒரு கருவியை எடுத்து நான்கு திருகாணிகளைக் கழற்றினால் குட்டு உடைந்துவிடும். கைக்கெட்டும் தூரத்தில் விடையை வைத்துக்கொண்டு, அறியாமல் இருக்க ஒப்புக்கொள்வது எத்தனை பேரால் முடியும்? கோட்பாடு பேசுகிறவர்கள் இந்தப் பிடிவாதத்தைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. அந்த ஆரென்ஸ்பெர்க், ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியவர் அவர் காலத்துத் தத்துவஞானி பிரான்சிஸ் பேக்கன்தான் என்று நிறுவ, வரிகளுக்குள் ரகசியக் குறியீடுகளைத் தேடி ஆண்டுக்கணக்காக மல்லுக்கட்டியவர். ஊரார் ரகசியத்தையெல்லாம் தோண்டிய மனிதரிடம்தான் டூஷாம்ப் தன் ரகசியத்தை ஒப்படைத்தார்!

ஆரென்ஸ்பெர்க் 1954இல் மறைந்தார், டூஷாம்ப் 1968இல். சிற்பம் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அருங்காட்சியகப் பொருளை யாரும் கையில் எடுத்து ஆட்ட முடியாது. டூஷாம்புக்கு ஓசையாவது கேட்டது. நமக்கு அதுவும் இல்லை.